வாய்க்காலில் நனைந்த வேன் சாமான்கள்

எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? சௌக்கியம்தானே? முட்டிவலிக்காரர்கள் இந்த ஈரக்காற்றில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், மாத்திரை போடுகிறேன். மனசுதான் கொஞ்சம் சரியில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

போன வாரம் நம் பயணக் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார், உள்ளேயே சமைத்துப் படுக்கிற கேம்பர் வேனுக்கு என்னென்ன சாமான் வாங்கிப் போடலாம் என்று. ஆளாளுக்குப் பட்டியல் கொடுத்தீர்கள். நானும் எழுதப் பார்த்தேன், முடியவில்லை. என்ன வாங்கலாம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. வாங்கியதில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று பிரித்தோமே, அந்த ஒரு நாளைத்தான் தெரியும். என் வீட்டுக்காரர் என்னோடு இருப்பாரா, மறுபடி மஸ்கட்டுக்கே போய்விடுவாரா என்பது அன்றைக்கு அந்தச் சாமான்களில் வந்து நின்றது.

முதலில் இருந்து சொன்னால்தான் புரியும்.

என் வீட்டுக்காரர் மதிவாணன் மஸ்கட்டில் இருபத்தாறு வருஷம் தண்ணீர் லாரி ஓட்டினார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நாற்பத்தைந்து நாள் லீவு. நான் ஒரு நாள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். அந்த இருபத்தாறு வருஷத்தில் நாங்கள் ஒரே கூரைக்குக் கீழே இருந்தது ஒன்றரை வருஷம்கூட முழுசாக இல்லை. பெண் பிறந்தாள், படித்தாள், கட்டிக்கொண்டு போனாள், அவளுக்கு ஒரு பெண்ணும் பிறந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் இவர் போதும் என்று வந்தார்.

வந்தவருக்கு வீட்டில் எதுவுமே தெரியவில்லை. சொம்பு எங்கே, துண்டு எங்கே, நகவெட்டி எங்கே என்று நாள் பூராவும் என்னைக் கேட்பார். நிலம் குத்தகையில் இருக்கிறது. குத்தகைக்காரர் அவரை மரியாதையாக வரப்பில் நிற்கவைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். விருந்துக்கு வந்தவர் ஊருக்குப் போகாமல் தங்கிவிட்ட மாதிரி இருந்தது அவர் நடமாட்டம். எனக்கும் சங்கடம்தான். பொய் சொல்வானேன், தனியாகவே இருந்து பழகியவளுக்கு ஒருவர் குறுக்கே நடந்தாலே இடிக்கும்.

அப்போதுதான் ஒரு பழைய பள்ளிக்கூட வேனை மயிலாடுதுறையில் பிடித்தார். வெளியே வெள்ளை அடித்தார். கதவைத் திறந்தால் உள்விளிம்பில் இன்னும் அந்த மஞ்சள் தெரியும். கும்பகோணத்தில் பஸ்ஸுக்கு பாடி கட்டுகிற செந்தில்குமாரிடம் விட்டு நாலு மாதம் வேலை பார்த்தார். மடக்குக் கட்டில், மெத்தை, அறுபது லிட்டர் தண்ணீர் டேங்க், ஒற்றை அடுப்பு, குட்டி ஃபிரிட்ஜ், கொசுவலை போட்ட ஜன்னல், அலுமினிய மடக்கு நாற்காலி இரண்டு. தஞ்சாவூரில் இருந்து சோலார் பேனல். வண்டியின் பக்கவாட்டில் இழுத்துக் கட்டினால் பந்தல் மாதிரி நிற்கிற ஒரு துணி. அப்புறம் கழிப்பறைப் பெட்டி ஒன்று. அதை நான் கடைசிவரை அதற்குப் பயன்படுத்தவே இல்லை. மேலே பலகை போட்டு உட்கார்ந்து காய் நறுக்கினேன்.

முதல் பயணம் தனுஷ்கோடிக்கு, நாலு நாள். இரண்டாம் நாள் காலையில் காபிக்கு டம்ளர் தேடிக்கொண்டிருந்தேன்.

"இடது பக்கம் ரெண்டாவது அறை, ஈஸ்வரி. அதுக்குக் கீழ சக்கரை. உனக்கு இன்னும் பழகல, போகப் போகப் பழகிடும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேனில் அவர் வீட்டுக்காரர், நான் விருந்தாளி. அந்த நாலு நாளும் அவர் ஒரு தடவைகூட என்னிடம் எதுவும் எங்கே என்று கேட்கவில்லை. வெயில் சாய்ந்ததும் அந்த இரண்டு நாற்காலியையும் பந்தல் துணிக்குக் கீழே போட்டு உட்காருவோம். பெரிதாக ஒன்றும் பேசவில்லை. ஆனால் இடிக்கவில்லை.

திரும்பும்போது அவர்தான் ஆரம்பித்தார்.

"ஆடியில தலைக்காவேரிக்குப் போவமா? நாம கடைமடையில உக்காந்துகிட்டு வாழ்நாள் பூரா தண்ணி வருதா வருதான்னு கேட்டுக்கிட்டே கெடக்குறோம். எங்கேருந்துதான் வருதுன்னு பாத்துட்டு வந்துடுவோம்."

"நடவு முடிஞ்சதும் போவோம்" என்றேன்.

மே மாதக் கடைசியில் மஸ்கட்டில் இருந்து அப்துல் வஹாப் கூப்பிட்டார். இவரோடு ஒரே அறையில் பதினெட்டு வருஷம் இருந்தவர். இப்போது அங்கே ஸ்டோர் அவர் பொறுப்பு. ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் இவர் பேசுவார்.

"மதி, ஸ்டோர்ல ஒரு எடம் காலி. வண்டி ஓட்ட வேணாம், வெயில்ல நிக்க வேணாம். சாமான் வர்றதை எண்ணி அடுக்கணும், அவ்ளோதான். ரெண்டு வருசம் வாடா."

"எனக்கு வேன் இருக்கு வஹாபு. நான் எதுக்கு அங்க வர்றேன்?"

"வேனைக் கட்டிக்கிட்டு அழு. ஜூலை வரைக்கும் எடத்தை ஒனக்காவ வச்சிருப்பேன், அதுக்கு மேல முடியாது."

ஃபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். எனக்கு வீடு இருக்கு என்று சொல்லவில்லை, வேன் இருக்கு என்றுதான் சொன்னார். அது போய்விட்டால் இவரை இங்கே பிடித்துவைக்க வேறு எதுவும் இல்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் ஊர் தரங்கம்பாடிக்கு மேற்கே இருக்கிறது, காவிரித் தண்ணீருக்குக் கிட்டத்தட்டக் கடைசி ஊர். ஊரை ஒட்டி ஒரு வாய்க்கால். ஆறு என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், வாய்க்கால் என்று சொன்னால் எங்களுக்குக் கோபம் வரும், அகலம் அப்படி. கோடையில் அது காய்ந்து கிடக்கும். இரண்டு கரையிலும் புங்க மரம், உள்ளே நல்ல நிழல். டிராக்டர், வைக்கோல், மாடு எல்லாம் அதற்குள்தான் நிற்கும். இவரும் வேனைச் சரிவில் இறக்கி, திருப்பத்தில் இருந்த பெரிய புங்க மரத்தடியில் நிறுத்தினார்.

ஜூன் பன்னிரண்டாம் தேதி மேட்டூரைத் திறந்தார்கள். அன்றைக்கே இவர் என்னைக் கேட்டார்.

"நம்ம வாய்க்காலுக்கு எப்ப வரும்? வண்டியை மேல ஏத்திடவா?"

"ஆடி பொறக்காம நம்ம மதகுக்குத் தண்ணி வராதுங்க. வெயில்ல நிறுத்துனா மெத்தையெல்லாம் வெந்துடும். அங்கேயே நிக்கட்டும்" என்றேன்.

நான்தான் சொன்னேன். நல்லா ஞாபகம் இருக்கிறது, கையில் முறத்தோடு சொன்னேன்.

நாலைந்து நாள் கழித்து ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்து அறிவித்தார்கள். வாய்க்கால் தூர் வாரியாயிற்று, மேலே மதகெல்லாம் புதுசு, இந்தத் தடவை தண்ணீர் சீக்கிரம் வரும், வாய்க்காலுக்குள் இருப்பதையெல்லாம் எடுங்கள் என்றார்கள். நானும் பக்கத்து வீட்டு நாகம்மாளும் வாசலில் நின்று கேட்டோம்.

"மைக்குல சொன்னா தண்ணி வந்துருமாக்கும்?" என்றாள் நாகம்மாள். "போன தடவையும்தான் சொன்னானுவோ. நாத்தங்கால் வெடிச்சதுதான் மிச்சம்."

"முன்னாடி இருக்குற ஊரெல்லாம் குடிச்சு ஏப்பம் விட்ட பொறவுதான் நமக்கு" என்று நானும் சேர்ந்துகொண்டேன்.

கடைமடையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது ஒரு வியாதி. தண்ணீர் வராது என்றால் உடனே நம்புவோம். சீக்கிரம் வரும் என்று சொன்னால் சிரிப்போம். டிராக்டர்காரர்கள்கூட எடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, பக்கத்து ஊர் வரை ஈரம் வந்துவிட்டது என்று கேட்டுத்தான் எடுத்தார்கள்.

அந்த நாள் பார்த்து இவர் ஊரில் இல்லை. தண்ணீர் வராது என்ற என் பேச்சை நம்பி, பந்தல் துணியில் ஓரம் பிரிந்துவிட்டது என்று அதைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, காலை பஸ்ஸிலேயே கும்பகோணத்துக்கு செந்தில்குமாரைப் பார்க்கப் போய்விட்டார். வேன் சாவி அவர் சட்டைப் பையில்.

பதினோரு மணி இருக்கும். தண்ணி வருது, தண்ணி வருது என்று தெருவே மதகுக்கு ஓடியது. எங்கள் பக்கம் முதல் தண்ணீரைச் சும்மா விடமாட்டோம். பூவும் விதை நெல்லும் தூவி, சூடம் காட்டிக் கும்பிட்டுத்தான் உள்ளே விடுவோம். நாகம்மாள் ஒரு தட்டு நிறைய கேந்திப்பூவைக் கொடுத்தாள். நான் உதிர்த்து இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டேன். தண்ணீர் செம்மண் நிறத்தில் நுரையோடு, சருகையும் பாட்டிலையும் உருட்டிக்கொண்டு வந்தது. என் பூவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. எத்தனை வருஷத்துக்குப் பிறகு ஜூன் மாதத்தில் தண்ணீர்! எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கும்பிட்டேன். கும்பிட்ட கையை இறக்கும்போதுதான் வேன் ஞாபகம் வந்தது.

கரை மேலேயே ஓடினேன். திருப்பத்துக்குப் போய்ச் சேருவதற்குள் தண்ணீர் முந்திவிட்டது. சக்கரம் தெரியவில்லை. கதவு இடுக்கு வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. கத்தினேன். நாலு பேர் இறங்கித் தள்ளிப் பார்த்தார்கள், அசையவில்லை. டிராக்டர் வந்து சங்கிலி போட்டு இழுத்து மேலே ஏற்றும்போது மணி இரண்டு. அதுவரை நின்ற தண்ணீர் கட்டில் மட்டத்துக்கு மேலே ஒரு சாண்.

சாயங்காலம் இவர் பஸ்ஸை விட்டு இறங்கினார். தோளில் தைத்த பந்தல் துணி. யாரும் ஃபோன் பண்ணிச் சொல்லவில்லை, எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை. வேனைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். கதவைத் திறந்தார். சேற்றுத் தண்ணீர் மடமடவென்று அவர் செருப்பு மேலேயே கொட்டியது. உள்ளே கொசுவலையில் கேந்திப்பூ இதழ் நிறைய ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்றைக் கிள்ளி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"பூ போட்டீங்களா?"

"போட்டோம்."

"நீயும் போட்டியா?"

"ம்."

"நல்லது" என்றார். "சாமானை எடுத்துக் காய வைப்போம்."

திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மூன்றாம் நாள் செந்தில்குமார் வந்தான். எஞ்சினைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"எஞ்சினை உசுப்பிடலாம்ண்ணே. ஆனா கீழ் பலகை பூரா ஊறிப் போச்சு, ஒயரிங் மொத்தமும் மாத்தணும். பிரிச்சுத்தான் கட்டணும். ரெண்டு மாசம் குடுங்க. எது மறுபடி வேணும், எது வேணாம்னு மட்டும் பிரிச்சு வச்சுருங்க. அதைப் பாத்துத்தான் நான் தரையில போல்ட்டுக்கு ஓட்டை போட முடியும்."

"பாத்துச் சொல்றேன் தம்பி" என்றார் இவர்.

மறுநாள் காலையில் நெல் காயவைக்கிற களத்தில் எல்லாச் சாமானையும் பரப்பினோம். வைத்துக்கொள்வது ஒரு பக்கம், விடுவது ஒரு பக்கம். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவர் வாயைப் பார்ப்பதை விட்டு அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எது எந்தப் பக்கம் போகிறது என்பதில் எனக்கு விடை இருந்தது.

மெத்தையை முகர்ந்து பார்த்தார். விடுகிற பக்கம். சரி, நாற்றம் அடிக்கிறது, நியாயம்தான். ஃபிரிட்ஜ், விடுகிற பக்கம். அதுவும் செத்துவிட்டது. பின்னால் பார்க்கிற கேமரா அந்தப் பக்கம். சோலார் பேனலைத் துடைத்து வெயிலில் திருப்பிப் பார்த்தார். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்தப் பக்கம்தான்.

"அது கூரை மேலதானே இருந்துச்சு? தண்ணியே படலையே?" என்றேன்.

"செந்திலுகிட்ட குடுத்தா வேற யாருக்காவது மாட்டுவான்."

நாகம்மாள் வேலியோரம் வந்து நின்று எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, அந்தப் பெட்டி என்ன பண்ணப் போறீங்க?"

"எது, கக்கூசுப் பெட்டியா? ஒனக்கு வேணுமா?"

"அய்ய, அக்கா அதுல ஒக்காந்து வாழக்கா நறுக்குனதை நான் பாத்துருக்கேன். நான் தவுடு கொட்டி வச்சுப்பேன்."

"எடுத்துக்கிட்டுப் போ. தவுடு தின்னுற மாட்டுகிட்ட மட்டும் சொல்லிடாதே."

மூன்று பேரும் சிரித்தோம். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதும் இவர் மறுபடி குனிந்து பிரிக்க ஆரம்பித்தார்.

வைத்துக்கொள்கிற பக்கம் மெதுவாகச் சேர்ந்தது. கரண்டில் கொதிக்கிற கெட்டில், துடைத்துப் போட்டதும் வேலை செய்தது. சார்ஜ் போடுகிற குட்டி ஃபேன். தலையில் மாட்டுகிற விளக்கு. ஒரு தட்டு, ஒரு டம்ளர். மூடி போட்ட எவர்சில்வர் டப்பா இரண்டு. நாலு ப்ளக் குத்துகிற ஒயர். காற்றடிக்கிற தலையணை, ஒன்று. தலையணை இரண்டு வாங்கினோம். இரண்டும் நன்றாகத்தான் இருந்தது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை விடுகிற பக்கம் போட்டார்.

அந்தத் தலையணை விழுந்த இடத்தைப் பார்த்தேன்.

அப்புறம் நாற்காலிகள். இரண்டையும் விரித்தார். மணலைத் தட்டினார். கீல் நன்றாக மடங்குகிறதா என்று பார்த்தார். மடித்து விடுகிற பக்கம் சாத்தினார்.

"நாற்காலி தண்ணியில என்னங்க கெட்டுச்சு? அலுமினியம்தானே?"

"கெடல."

"பொறவு?"

"வேன் இல்லாம நாற்காலி எதுக்கு?"

"செந்திலு ரெண்டு மாசத்துல தர்றேங்குறான்ல?"

"ஆடி போயிடும்."

"ஆவணியில போவோம். தலைக்காவேரி எங்க ஓடிடப் போவுது?"

அவர் எழுந்து வீட்டுக்குள் போனார். வரும்போது கையில் பழைய தோள்பை, இன்னொரு கையில் தூக்குத் தராசு. வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் வீட்டில் எல்லாம் அது இருக்கும், பெட்டியைக் கொக்கியில் மாட்டித் தூக்கினால் எத்தனை கிலோ என்று காட்டும். இரண்டு வருஷமாக அதைப் பீரோ மேலே தூசியோடு விட்டிருந்தேன். வீட்டில் ஒரு சாமானை அவர் என்னைக் கேட்காமல் தானாக எடுத்து வந்தது அன்றைக்குத்தான்.

வைத்துக்கொள்கிற பக்கத்தில் இருந்ததை ஒவ்வொன்றாகப் பையில் அடுக்கினார். கெட்டிலுக்குள் விளக்கு, டப்பாவுக்குள் ஒயர். இடமே வீணாகவில்லை. துணிமணிப் பெட்டியையும் கொண்டுவந்து, இரண்டையும் மாட்டித் தூக்கிப் பார்த்தார்.

"வஹாபுகிட்ட எப்ப சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நேத்து."

"ஆடி பொறக்காம தண்ணி வராதுன்னு நான்தானே சொன்னேன். அதுக்கா?"

தராசைக் கீழே வைத்தார். என் பக்கத்தில் களத்து மண்ணிலேயே உட்கார்ந்தார்.

"நீ சொன்னதுக்கு இல்ல. தண்ணி எப்ப வரும்னு ஒன்னைக் கேட்டேன் பாரு, அதுக்கு. நானும் இந்த ஊர்லதான் பொறந்தேன். இருவத்தாறு வருசமா ஃபோன்ல ஒன்னைக் கேட்டுத்தான் தெரிஞ்சுகிட்டேன். இப்ப இங்க இருந்தும் ஒன்னைத்தான் கேக்குறேன். வேனு இருந்துச்சு, அதுல எனக்கு எல்லாம் தெரிஞ்சுச்சு. மறுபடி கட்டி, மறுபடி அடுக்கி... எனக்குத் தெம்பு இல்ல ஈஸ்வரி."

"எனக்குத் தெம்பு இருக்கு. நான் அடுக்குறேன்."

"நீ அடுக்குனா, எது எங்க இருக்குன்னு மறுபடி ஒன்னைத்தானே கேக்கணும்?"

அதற்கு என்ன சொல்வீர்கள்? இருங்கள் என்று காலைப் பிடித்திருக்கலாம். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அப்படிச் செய்து பழக்கமில்லை. போய்விட்டு வாருங்கள் என்று சொல்லித்தான் பழக்கம்.

அவர் எழுந்து மறுபடி தராசைத் தூக்கினார்.

"இருவத்தெட்டு" என்றார். "பிளேன்ல முப்பது வரைக்கும் விடுவான். இன்னும் ரெண்டு கிலோ போடலாம்."

அவர் கேட்கவில்லை. நானாகத்தான் எழுந்து போனேன். ஜாடியில் இருந்து நார்த்தங்காய் ஊறுகாயை எடுத்து, எண்ணெய் கசியாமல் மூன்று பை மாற்றிக் கட்டி, டேப் ஒட்டிக் கொண்டுவந்தேன். பதிமூன்று தடவை செய்த வேலை, கை தானாகச் செய்தது. தராசில் சரியாக முப்பது காட்டியது. அந்தக் கடைசி இரண்டு கிலோவை வைத்து அவரை அனுப்பியது நான்தான்.

ஆடி மூன்றாம் நாள் போனார். வேனை செந்தில்குமாரே எடுத்துக்கொண்டான், யாரோ அவனிடம் டிபன் கடை வைக்கக் கேட்கிறார்களாம். விடுகிற பக்கம் இருந்ததில் சோலாரையும் தண்ணீர் டேங்கையும் அவனிடம் கொடுத்தேன். நாற்காலி இரண்டையும் பந்தல் துணியையும் அந்த இன்னொரு தலையணையையும் கொடுக்கவில்லை. பந்தல் துணியைப் பரணில் போட்டேன். ஓரம் தைத்ததோடு சரி, அப்புறம் அதை யாரும் விரிக்கவே இல்லை. நாற்காலி கொல்லையில் சாத்தியிருக்கிறது. ஒன்றை விரிப்பேன், மற்றதை விரிக்கமாட்டேன். விரித்தால் நாகம்மாள் வந்து உட்கார்ந்துவிடுவாள்.

இப்போது தினம் ஃபோன் பண்ணுகிறார். ஸ்டோரில் எல்லாச் சாமானும் எங்கே இருக்கிறது என்று அவருக்கு அத்துப்படியாம், வஹாப்பே அவரைத்தான் கேட்கிறாராம். சொல்லும்போது குரலில் ஒரு தெளிவு. அப்புறம் என்னைக் கேட்பார், "தண்ணி வருதா ஈஸ்வரி?" என்று.

"வருதுங்க" என்பேன். வாய்க்கால் நிறையத்தான் போகிறது இந்த வருஷம்.

ஆகையால் சாமான் பட்டியல் கேட்டவருக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. உங்களில் யாராவது இப்படி வண்டியைக் கலைத்தீர்களா? கலைக்கும்போது எதை விட்டீர்கள், எதை விடமுடியாமல் வைத்துக்கொண்டீர்கள்? வைத்துக்கொண்டதை இப்போது என்ன செய்கிறீர்கள்? சின்னச் சாமானாக இருந்தாலும் பரவாயில்லை, கீழே எழுதுங்கள். மத்தியானத்தில் எனக்கு வேலை அதிகம் இல்லை, எல்லாவற்றையும் படிப்பேன்.